உள்ளே ஒரு மணி, வெளியே ஒரு மணி

மணி கேட்டீங்களா? நாலு அம்பத்திரண்டுங்க. அந்த ஸ்டாண்டுக் கடிகாரத்தப் பாக்காதீங்க, அது அதும்பாட்டுக்கு ஓடிட்டிருக்கும். என்னோடது சரியான நேரம். பஸ்ஸ அஞ்சே காலுக்குத்தான் எடுப்பாங்க. அந்தியூர் வரைக்கும் போறீங்களா? நான் அத்தாணியில எறங்கிக்குவேன். சித்த நகந்து உக்காருங்க, பைய மடியில வெச்சுக்கிட்டா எனக்குப் பேச வராது.

யாராச்சும் மணி கேட்டாலே எனக்கு எங்க பள்ளிக்கூடத்துல நடந்தது நெனப்புக்கு வந்துருதுங்க. நான் அங்க கம்ப்யூட்டர் ஆசிரியர். பேரு ஈஸ்வரமூர்த்தி. பதினாலு வருசமா இருக்கேன். ஆசிரியர்னு பேருதானுங்க, பிரிண்டருல பேப்பர் சிக்குனாலும் நான்தான், ஃபேன் ஓடலைன்னாலும் நான்தான். கரண்டுல ஓடுறது எல்லாமே என் பாடம்னு நெனச்சுக்கிட்டாங்க. நானும் இல்லைன்னு சொன்னதில்ல.

போன ஜூன்ல ஆபீஸ் கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. முன்னாள் மாணவர்கள் சேந்து வேற ஒண்ணு வாங்கிக் குடுத்தாங்க. வெளி ஆளக் கூப்பிடலாம்னு எச்.எம். அம்மா சொன்னாங்க. வசந்தகோகிலம்னு பேரு, கண்டிப்பான அம்மா. நான் இருக்கறப்ப வெளி ஆளு என்னத்துக்குங்கன்னு சொல்லி, ஒரு ஞாயித்துக்கெழமை பூராவும் உக்காந்து நானே எல்லாத்தையும் ஏத்துனேன். பத்து நிமிசம் யாரும் தொடலைன்னா தானாப் பூட்டிக்கிற மாதிரி வெச்சேன். மார்க்கு விவரமெல்லாம் அதுல இருக்குதுங்களே, எவனாச்சும் கை வெச்சுட்டா? பூட்டிக்கிச்சுன்னா பாஸ்வேர்டு கேக்குற திரை வரும். அதுல பெரிசா மணி காட்டும். வெகு அழகா இருக்குமுங்க.

அந்த அழகப் பாத்துத்தான் எனக்கு ஒரு யோசன வந்துச்சு. ஆபீசுல ஒரு சுவர்க் கடிகாரம் இருந்துச்சு, செல்லு போட்டு ஓடுறது. அத நம்பித்தான் எங்க ஆபீஸ் உதவியாளர் மணி அடிக்கும். இத்தன பெரிய கம்ப்யூட்டர் இருக்கறப்ப செல்லுக் கடிகாரம் எதுக்குங்க? இது நேரா மேல இருந்து வர்ற நேரமுங்க, இன்டர்நெட்டுல இருந்து பிடிக்கும்னு எச்.எம். அம்மாகிட்டச் சொன்னேன். அவங்களும் சரின்னு, சுவர்க் கடிகாரத்தத் தன்னோட ரூமுக்கு மாத்திக்கிட்டு ஒரு சுற்றறிக்கை போட்டாங்க. 'இனி மணி அலுவலகக் கணினியின் நேரப்படியே அடிக்கப்படும்.' அந்த வாசகம் நான் எழுதிக் குடுத்ததுதானுங்க.

இப்ப அந்த உதவியாளரப் பத்திச் சொல்லோணும். துளசிமணின்னு பேரு. பேருலயே மணி இருக்குதுன்னு நான் கேலி பண்ணுவேன். முப்பத்தெட்டு வயசு. வீட்டுக்காரரு எங்க பள்ளிக்கூடத்துல வாட்ச்மேனா இருந்தாரு, மாரடைப்புல போயிட்டாரு. கருணை அடிப்படையில அந்த அம்மிணிக்கு வேல குடுத்தாங்க. ரெண்டு வருசம் தகுதிகாண் பருவம், அதுல ஒரு குத்தம் குறை வராம இருந்தாத்தான் வேல நிரந்தரமாகும். போன டிசம்பரோட அந்த ரெண்டு வருசம் முடிய இருந்துச்சு. எட்டாவது வரைக்கும் படிச்சிருக்குது. நல்ல பொம்பள, சொன்னதச் செய்யும். கைக்கடிகாரம் கட்டறதில்ல. செல்போனு எங்க பள்ளிக்கூடத்துல ஆசிரியரானாலும் சரி, ஆபீஸ் ஆளுகளானாலும் சரி, காத்தால வந்ததும் பீரோவுல வெச்சுப் பூட்டிருவாங்க. ஆக, அந்த அம்மிணிக்கு என் கம்ப்யூட்டரத் தவிர வேற நேரம் கெடையாது.

ஒரு மாசத்துல புகார் ஆரம்பிச்சுதுங்க. இடைவேள மணி சில நாளு சரியா அடிக்குது, சில நாளு காமணி நேரம் முந்தி அடிக்குது. முந்தி அடிச்சப்ப பாதி ஆசிரியருக ஒண்ணுமே சொல்லல, டீ சீக்கிரம் கெடைக்குதுல்லீங்க. மத்தியானம் முந்தி அடிச்சப்பத்தான் சோறு இன்னும் வேகலைன்னு சத்துணவு அம்மா சண்டைக்கு வந்துச்சு. எச்.எம். அம்மா துளசிமணியக் கூப்பிட்டுக் கேட்டாங்க. கம்ப்யூட்டரப் பாத்துத்தானுங்க அடிச்சேன்னு அது சொல்லுச்சு. உடனே என்னையக் கூப்பிட்டாங்க.

நான் போயி, பாஸ்வேர்டு அடிச்சு, உள்ள போயி, மூலையில மணியப் பாத்தேன். பதினொண்ணு நாப்பது. எச்.எம். அம்மா கையிலயும் பதினொண்ணு நாப்பது. ஒரு நொடி கூட மாறலீங்க. எல்லாரும் துளசிமணியத் திரும்பிப் பாத்தாங்க. அது பாவம், சேலைத் தலப்பப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு.

ஆனா நான் அப்படியே விட்டுட்டுப் போற ஆளில்ல. மதர்போர்டுல காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், அது வீக்காயிருந்தா நேரம் தவறும். என் கைக்காசுல வாங்கி மாத்துனேன். அடுத்த வாரமும் மணி முந்துச்சு. கடைக்காரன் பழசக் குடுத்துட்டான்னு இன்னொண்ணு வாங்கி மாத்துனேன். இன்டர்நெட்டுல இருந்து நேரம் பிடிக்கறத அழிச்சு மறுபடி போட்டேன். ஒயரெல்லாம் கழட்டித் தொடச்சு மாட்டுனேன். ஒவ்வொருக்காவும் உள்ள போயிப் பாப்பேன், கச்சிதமா இருக்கும். கடைசியில துளசிமணியக் கூப்பிட்டு, இனி ஒரு நொடி கூடத் தப்பாது, கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்னு சொன்னேன். அதுவும் தலையாட்டுச்சு.

அத்தோட முடிஞ்சிருக்கோணும். ஆனா காலாண்டுப் பரிச்ச வந்துச்சுங்க.

பத்தாம் வகுப்பு கணக்குப் பரிச்ச. பன்னண்டே முக்காலுக்கு முடியோணும். பன்னண்டரைக்கே மணி அடிச்சுருச்சு. ஒரு ஹால்ல ஓவிய சார் மேற்பார்வை, அவருக்கு மணி அடிச்சா வேற பேச்சே கெடையாது, படபடன்னு பேப்பரப் புடுங்கிட்டாரு. இன்னொரு ஹால்ல இருந்த டீச்சர் கையில கடிகாரம் இருந்துச்சு. ஆனா ஆபீஸ் நேரம் மேல இருந்து வர்ற நேரம்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேனே, அதனால தன்னோட கடிகாரம் மெதுவா ஓடுதுன்னு நெனச்சு, அத காமணி நேரம் தள்ளி வெச்சுக்கிட்டு அவங்களும் பேப்பர வாங்கிட்டாங்க. பொட்டப் புள்ளைக வராண்டாவுல நின்னு அழுகுதுக. கடைசி அஞ்சு மார்க்குக் கணக்குப் பாதிப் பேரு போடல.

அன்னைக்கு நான் ஆபீசுல இல்லீங்க. மறுநாள் பரிச்சைக்குக் கேள்வித்தாள் நகல் எடுக்க டவுனுக்குப் போயிருந்தேன். நான் இருந்திருந்தா இது நடந்திருக்குமா? அதத்தான் எச்.எம். அம்மாகிட்டயும் சொன்னேன்.

மறுநாள் பெத்தவங்க ஏழெட்டுப் பேரு வந்துட்டாங்க. சாயங்காலமே துளசிமணிக்கு மெமோ. ஏழு நாளுக்குள்ள எழுத்துல விளக்கம் தரோணும். அதோட, மறு உத்தரவு வர்ற வரைக்கும் எச்.எம். அம்மா ரூமுல இருந்து கை காட்டுனாத்தான் மணி அடிக்கோணும். மெமோ பதிவேட்டுல ஏறிருச்சுன்னா டிசம்பர்ல நிரந்தரமாகறது போச்சு. அது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் வருத்தமாத்தான் இருந்துச்சுங்க. ரெண்டு பொம்பளப் புள்ளைகள வெச்சிருக்குது.

நம்மளால முடிஞ்ச உதவியப் பண்ணுவோம்னு நானே விளக்கக் கடிதம் எழுதிக் குடுத்தேன். நல்ல தமிழ்லதானுங்க. 'எனது பார்வைக் குறைவினாலும் கவனக்குறைவினாலும் நேர்ந்த பிழையைப் பெரிய மனது பண்ணி மன்னிக்க வேண்டுகிறேன்.' படிச்சாலே மனசு எளகிரும். துளசிமணி அத வாங்கிப் படிச்சுச்சு. ரெண்டு தடவ படிச்சுச்சு. மடிச்சு என்கிட்டயே குடுத்துருச்சு.

"எனக்குக் கண்ணு நல்லாத்தானுங்க சார் தெரியுது," அப்படின்னுச்சு.

சரி, அதையும் பாத்துருவோம்னு, ஞாயித்துக்கெழமை கல்யாண மண்டபத்துல நடந்த இலவசக் கண் முகாமுக்கு வரச் சொன்னேன். மக கூட பஸ்ஸுல வந்துச்சு. நானும் ஒரு கடமைக்குன்னு போயி கூட நின்னேன். டாக்டரம்மா எழுத்துப் பலகைய வெச்சுக் கேட்டாங்க, கடைசி வரி வரைக்கும் படிச்சுருச்சுங்க. கண்ணுல ஒரு குறையும் இல்லைன்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. சும்மா நிக்கறீங்களே, நீங்களும் உக்காருங்கன்னாங்க, நானும் உக்காந்தேன். எனக்குத்தான் கண்ணாடி எழுதிக் குடுத்தாங்க. அது வேற விசயம்.

கண்ணும் நல்லாருக்குது, கம்ப்யூட்டரும் நல்லாருக்குது. அப்பப் பிசகு எங்கங்க? எனக்கு நிசமாவே புரியல. இந்த அம்மிணி வேணும்னே அடிச்சிருக்குமோன்னு கூட ஒரு நிமிசம் தோணுச்சு. யார்கிட்டயும் சொல்லல. ரெண்டு மூணு பேருகிட்டத்தான் சொன்னேன்.

திங்கக்கெழமை காத்தால ஆபீசுல நான் ஒக்காந்திருக்கறப்ப துளசிமணி வந்து எனக்குப் பின்னால நின்னுச்சு. மூலையில இருக்கற மணியப் பாத்துச்சு. அப்புறம் சொல்லுச்சு.

"உள்ள சரியாத்தானுங்க சார் இருக்குது. வெளியதான் தப்பு."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. அம்மிணி, கம்ப்யூட்டருக்குள்ள இருக்கறது ஒரே கடிகாரம், உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணு வெச்சுக்கறதுக்கு அது என்ன மனுசனான்னு கேட்டேன். வேலையா இருந்தேன், பரிச்ச மார்க்கெல்லாம் ஏத்தோணும். பொறுமையா விளக்கிச் சொல்லித்தான் அனுப்புனேன். அது போயிருச்சு.

வெளியன்னா எதைச் சொல்லுதுன்னு நான் கேட்டிருக்கலாம். கேக்கல. நான் காத்தால வந்ததும் பாஸ்வேர்ட அடிப்பேன், நாலு எழுத்துத்தான், கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள உள்ள போயிருவேன். பாஸ்வேர்டு அடிக்கறப்ப யாருங்க மணிய நிமிந்து பாப்பாங்க?

ஏழாவது நாளு. பள்ளிக்கூட விடுமுறைக்கு முந்தின நாளு அது. துளசிமணி எச்.எம். அம்மா ரூமுக்குப் போச்சு. மன்னிப்புக் கேக்கத்தான் போகுது, நாமளும் ரெண்டு வார்த்த எடுத்துச் சொல்லுவோம்னு நானும் பின்னாலயே போனேன். அது கையில கடிதம் இல்லீங்க. தினசரிக் காலண்டர்ல கிழிச்ச தாளுக ஆறு. குண்டூசி குத்தி வெச்சிருந்துச்சு. பின்பக்கம் பென்சில்ல எழுதியிருந்துச்சு.

எச்.எம். அம்மா வாங்கிப் படிச்சாங்க. ஒவ்வொரு தாள்லயும் நாலஞ்சு வரி. சார் ஆபீசுல இருக்கறப்ப, அதாவது நான் இருக்கறப்ப, கம்ப்யூட்டர் மணி இத்தன, எச்.எம். ரூம் கடிகாரத்துல இத்தன. ரெண்டும் ஒண்ணு. சார் வகுப்புக்குப் போயி திரை பூட்டிக்கிட்டப்ப, பூட்டுன திரையில இத்தன, எச்.எம். ரூம்ல இத்தன. பதினஞ்சு நிமிசம் எச்சு, அதாவது கூட. அடுத்த வரியும் பதினஞ்சு. அடுத்ததும் பதினஞ்சு. சில எடத்துல பதினாலுன்னு போட்டு, 'நடந்து வர ஒரு நிமிசம்'னு எழுதியிருந்துச்சு. அந்த ரூமுக்கு அது டீ எடுத்துக்கிட்டு, ரெஜிஸ்டர் எடுத்துக்கிட்டுன்னு ஏன் ஓயாம வந்துக்கிட்டிருந்துச்சுன்னு அப்பத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது.

எச்.எம். அம்மா எந்திரிச்சு ஆபீசுக்கு வந்தாங்க. நான் முன்னால ஓடிப் போயி நாற்காலியில உக்காந்து பாஸ்வேர்டு அடிக்கப் போனேன்.

"கைய எடுங்க, ஈஸ்வரமூர்த்தி," அப்படின்னாங்க.

எடுத்துட்டேன். திரையில பெரிசா மணி. பதினொண்ணு இருபத்தஞ்சு. எச்.எம். அம்மா கைக்கடிகாரத்த அதுக்குப் பக்கத்துல புடிச்சாங்க. பதினொண்ணு பத்து. அப்புறம் என்னைய உள்ள போகச் சொன்னாங்க. போனேன். மூலையில பதினொண்ணு பத்து. மறுபடி பூட்டச் சொன்னாங்க. பதினொண்ணு இருபத்தாறு. அதுக்குள்ள ஒரு நிமிசம் ஓடிருச்சுங்க. நாலு மாசமா நான் அந்த நாற்காலியிலதான் உக்காந்திருக்கேன், என் கண்ணு முன்னாலதான் அது இருந்திருக்குது.

ஆனா கண்டுபுடிச்சது நான்தானுங்க, அதச் சொல்லியாகோணும். பதினஞ்சு நிமிசம்னு எண்ணிக்க தெரிஞ்சதும் எனக்குப் பளிச்சுனு பட்டுருச்சு. அமைப்புக்குள்ள போயிப் பாத்தேன். கம்ப்யூட்டர் எந்த ஊர்ல இருக்குதுன்னு ஒரு எடத்துல குறிச்சிருக்கும். அதுல காட்மாண்டுன்னு இருந்துச்சு.

எச்.எம். அம்மா, காட்மாண்டுன்னா நேபாளம்தானேன்னாங்க. ஆமாங்கன்னேன். நம்மள விட அவங்களுக்கு காமணி நேரம் முந்தி. எங்க பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் நாலு மாசமா நேபாளத்துல உக்காந்துக்கிட்டிருந்திருக்குதுங்க. உள்ள எப்படி சரியா இருந்துச்சுன்னு கேட்டாங்க. அப்பத்தான் எனக்கு நெனப்பு வந்துச்சு. மொத நாளு ஏத்துனப்பவே உள்ள காமணி நேரம் கூடக் காட்டுச்சு. நான் ஊரு எதுன்னு பாக்கல. என் பேருல உள்ள போனா மட்டும் இந்திய நேரம் காட்டுற மாதிரி ஒரு வரி எழுதி விட்டுட்டேன். நான் வேல செய்யற எடத்துல சரியாயிருச்சு, வாசல்ல, அந்தப் பூட்டுத் திரையில, அப்படியே நின்னுருச்சு.

காட்மாண்டுன்னு குறிச்சது யாருன்னாங்க. ஏத்தறப்ப ஒரு உலகப் படம் வருமுங்க, அதுல நம்ம ஊரத் தொடோணும். இந்திய நேரத்துக்குக் கல்கத்தாவத்தான் போட்டிருப்பாங்க, அதுவும் காட்மாண்டும் ஒண்ணுக்கு மேல ஒண்ணு புள்ளியா இருக்கும். மவுசு அப்பச் சரியில்லீங்க, அந்தப் பழைய மவுசு, இழுத்தா இழுத்த பக்கம் வராது. அதச் சொன்னேன். எச்.எம். அம்மா போயி மெமோ நகல எடுத்துக்கிட்டு வந்து, எங்க முன்னாலயே நாலாக் கிழிச்சாங்க. அந்த நாலு துண்டையும் என் மேசையில வெச்சுட்டு, இன்னைக்குள்ள நீங்க ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் குடுங்கன்னாங்க. நான் எழுதிக் குடுத்தேன். 'தொழில்நுட்பக் காரணங்களால்'னு ஆரம்பிச்சேன். திருப்பி அனுப்பிட்டாங்க. மூணு தடவ எழுத வெச்சுட்டாங்க. மூணாவதுல என் தவறுங்கற வார்த்த வந்ததுக்கு அப்புறம்தான் வாங்கிக்கிட்டாங்க.

துளசிமணிகிட்டயும் எச்.எம். அம்மா கேட்டாங்க. உன்னைய எல்லாரும் சேந்து தப்பா நெனச்சுட்டோம், உனக்கு என்ன பண்ணோணும் சொல்லுன்னாங்க. நானா இருந்தா லீவு கேட்டிருப்பேன். ஒரு பாராட்டுக் கடிதம் கேட்டிருப்பேன், பதிவேட்டுல ஏறுமுல்லீங்க. அது கேட்டது வேறங்க.

"எனக்கு ஒண்ணும் வேண்டாங்கம்மா. பத்தாவது புள்ளைகளுக்கு அந்தக் காமணி நேரத்த மட்டும் குடுத்துருங்க."

நான் உடனே சொன்னேன், அது முறையாகாதுங்க, பரிச்ச முடிஞ்சு ஒரு வாரமாச்சு, எல்லாம் வீட்டுல அந்தக் கணக்கப் போட்டுப் பாத்திருக்கும், அப்புறம் பரிச்சைக்கு என்ன மரியாதைன்னு. எச்.எம். அம்மா கேக்கல. கணக்கு டீச்சரக் கூப்பிட்டு வேற ஒரு அஞ்சு மார்க்குக் கணக்கு எழுதச் சொன்னாங்க. சனிக்கெழமை காத்தால பத்து மணிக்குப் பத்தாம் வகுப்பு மட்டும் வரோணும், காமணி நேரம் எழுதலாம்னு அறிவிச்சாங்க. லீவு நாளுங்க அது. ஒருத்தர் பாக்கியில்லாம வந்துட்டாங்க, முப்பத்தாறு பேரும்.

மேற்பார்வைக்கு என்னையத்தான் போட்டாங்க. புதுக் கண்ணாடி வந்திருந்துச்சு, போட்டுக்கிட்டுப் போனேன். துளசிமணி வராண்டாவுல மணிக்குப் பக்கத்துல நின்னுச்சு. எச்.எம். அம்மா தன்னோட கைக்கடிகாரத்தக் கழட்டி அது கையில கட்டி விட்டிருந்தாங்க. பத்து மணிக்கு அடிச்சுது, நொடி பிசகல. புள்ளைக தலையக் குனிஞ்சு எழுத ஆரம்பிச்சாங்க. ஒரு சத்தமில்ல.

பத்தே காலாச்சு. மணி அடிக்கல. நான் சன்னல் வழியாப் பாத்தேன். துளசிமணி சுத்தியல கையில புடிச்சுக்கிட்டு உள்ள பாத்துக்கிட்டு நிக்குது. பத்து பதினாறு. பத்து பதினேழு. கடைசி பெஞ்சுல ஒரு புள்ள, கோமதின்னு பேரு, போட்ட கணக்க அடிச்சுட்டு மறுபடி மொதல்ல இருந்து போட்டுக்கிட்டிருக்குது. மத்ததெல்லாம் எழுதி முடிச்சுட்டு அதையேதான் திரும்பிப் பாத்துக்கிட்டிருக்குதுக. அந்தப் புள்ள கடைசி வரிய எழுதி, அடியில கோடு இழுத்து, பேனாவ மூடுச்சு. அப்பத்தான் மணி அடிச்சுதுங்க. பத்து பதினெட்டு.

பேப்பரெல்லாம் வாங்கிக்கிட்டு நேரா அதுகிட்டப் போனேன். நமக்குன்னு ஒரு பொறுப்பு இருக்குதுல்லீங்க. ஏம்மிணி, மூணு நிமிசம் எச்சாப் போச்சே, கையில எச்.எம். அம்மா கடிகாரத்தையே கட்டியிருந்தும் பாக்கலையான்னு கேட்டேன்.

"இல்லீங்க சார். புள்ளைகளப் பாத்துக்கிட்டு நின்னுட்டேன்," அப்படின்னுச்சு. சொல்லிட்டு சிரிக்குது வேற.

எச்.எம். அம்மாகிட்டச் சொன்னேன். அவங்களும் சிரிக்கறாங்க. டிசம்பர்ல அந்த அம்மிணிக்கு வேல நிரந்தரமாயிருச்சு, லட்டு வாங்கிக் குடுத்துச்சு, எனக்கு ரெண்டு. அதெல்லாம் சந்தோசம்தானுங்க, நான் இல்லைங்கல. ஆனா நீங்களே சொல்லுங்க. இத்தன பாடுபட்டு ஒரு கம்ப்யூட்டர நேபாளத்துல இருந்து இழுத்துக்கிட்டு வந்து நான் நேரத்தச் சரி பண்ணி வெச்சா, மணி அடிக்கறவங்க கடிகாரத்தப் பாக்காம புள்ளைகளப் பாத்துக்கிட்டு நின்னா, அப்புறம் எப்படிங்க ஒரு பள்ளிக்கூடத்துல மணி சரியா அடிக்கும்?